நீயே நடந்து வந்து போடு

"வெளிநாட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அமெரிக்கக் குடிமகள், தாயகம் திரும்பும் எண்ணம் உடையவர்." வெர்னெட் பிக்கெட்டின் வாக்காளர் படிவத்தில் அச்சாகியிருக்கும் வர்ணனை இது. கானாவின் கடலோர ஊரான எல்மினாவில் அவளுடைய தற்காலிகம் இருபத்துமூன்று வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு வீடு கட்டினாள், கிணறு தோண்டினாள், மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் வாங்கிப் போட்டாள். திரும்பும் எண்ணம் என்று ஒன்று இருந்தால், அது சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்புவதுதான்.

செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தவள். அந்த நாட்டின் மேலிருந்த நம்பிக்கை தனக்கு எப்போதோ போய்விட்டதென்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வாள். அந்த நாட்டின் தேர்தல் ஒன்றைக்கூடத் தவறவிட்டதுமில்லை. இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவள் ஒத்துக்கொண்டதில்லை. "தள்ளிவெச்ச புருஷன் இன்னும் குடிக்கிறானான்னு விசாரிக்கிறதில்லையா? அது மாதிரிதான்" என்பாள்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அதிபர் தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்களே வாக்களித்து முடிவுசெய்கிறார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கும் அதில் தனிப் பங்கு உண்டு. பாரிஸில் போட்டாலும் எல்மினாவில் போட்டாலும் எல்லாம் ஒரே குவியலில் போய் விழும். பல்லாயிரம் சீட்டுகள் விழும் அந்தக் குவியலுக்கு எல்மினாவின் பங்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து. கடற்கரையோரம் அராபா எஷுன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், மீன் பொரியும் புகைக்கு நடுவே பெட்டி வைப்பார்கள். மையத்தின் பொறுப்பாளர் வெர்னெட். விதிப்புத்தகத்திலிருந்து இம்மியும் பிசகாதவள். போன தடவை கடவுச்சீட்டை மறந்துவிட்டு வந்த தன் சொந்தப் போதகரை, உச்சி வெயிலில் ஏழு கிலோமீட்டர் திருப்பி அனுப்பினாள்.

அவள் கணவர் எல்பர்ட் குழாய் வேலைக்காரர். நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் இந்த ஜனவரியில்தான் அவர் முதல்முறையாக அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அல்லது, நின்றதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். போட்டியில் இருந்த இருவரில் அவள் செனட்டர் பக்கம், அவர் ஆளுநர் பக்கம். ஜனவரி முழுவதும் சாப்பாட்டு மேசையில் அதே சண்டை. வாக்குச்சீட்டைக் கணினி வழியாக அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. எங்கே கசியும் என்பது குழாய்க்காரனுக்குத் தெரியும் என்றார். காகிதத்தில் ஆளுநருக்குக் குறியிட்டார், கையெழுத்துப் போட்டார். வர முடியாதவரின் சீட்டை வீட்டிலிருப்பவர் கொண்டுவந்து தரலாம் என்று விதி இருக்கிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது, வாக்குப்பதிவு அன்று நீயே எடுத்துப் போய்விடு என்று மனைவியிடம் நீட்டினார்.

"அந்த ஆளுக்குப் போடணும்னா நீயே நடந்து வந்து போடு," என்றாள் வெர்னெட். "நான் உன் தபால்காரி இல்ல."

"வர்றேனா இல்லையா பாரு," என்று சிரித்தார் எல்பர்ட்.

மூன்றாம் நாள் காலை, கஞ்சி ஆறுகிறதென்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் வராந்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று பிப்ரவரி பத்தொன்பது.

கானாவில் யாரும் அவசரமாகப் புதைக்கப்படுவதில்லை. உடல் கேப் கோஸ்ட் பிணவறையின் குளிரில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து மகள்கள் வரவேண்டும், சுவரொட்டி அச்சாக வேண்டும், பந்தலும் பாண்டு வாத்தியமும் அமைய வேண்டும். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை எல்பர்ட் எங்கே இருக்கிறார் என்பதில் ஊருக்குக் குழப்பமில்லை. "இன்னும் வழியனுப்பலையே ஆண்ட்டி," என்றாள் அராபா. "அங்கிள் இங்கதான் எங்கயாவது சுத்திட்டிருப்பார்." வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் அவள் காலியான நாற்காலிக்கு வணக்கம் சொன்னாள். வெர்னெட் இதைக் கண்டிக்கவில்லை. மூடநம்பிக்கையை அவளால் பொறுக்க முடியாது. ஆனால் நாற்காலியை நகர்த்தவும் அவளால் முடியவில்லை.

கட்சி உறுப்பினர்களுக்கு நினைவூட்டல் செய்தி எழுதுவதும் அவள் பொறுப்புதான். வாக்குப்பதிவு முடியும்வரை திங்கட்கிழமைதோறும் தானாகவே போகும்படி ஜனவரியில் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். எல்பர்ட் இறந்த மறு வாரம், ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பைக்குள் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். "அன்புள்ள எல்பர்ட், உங்கள் சீட்டு இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறோம். வெர்னெட்." அடுத்த திங்களன்று, "இன்னும் ஐந்தே நாள், எல்பர்ட்."

நிறுத்துவது எளிது. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மூன்று காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: இடம் மாறினார், விலகினார், இறந்தார். மூன்று தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தாள், மூன்று தடவையும் மூடினாள். அந்தக் கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்துகொண்டும் இருந்தாள்.

மதிய வேளைகளில் வாசல் மணலில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடு நிற்கும். சில நாள் ஆடும் நிற்காது.

வாக்குப்பதிவு சனிக்கிழமை வந்தது. எல்பர்ட்டின் சீட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கடையில் எப்போதும் மின்விசிறிக்கு அடியில் சுவரோரம் போடும் மேசையை, வாசலைப் பார்த்துப் போடச் சொன்னாள். ட்வைட் ஹோல்கம் காரணம் கேட்டார். அவர் பால்டிமோரில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர், எல்பர்ட்டின் டாமினோ ஆட்டக் கூட்டாளி, ஆளுநர் பக்கம். காற்று வரட்டும் என்றாள். அன்று காற்றே இல்லை. வாசலுக்கு அருகே அராபா ஒரு நாற்காலி போட்டு ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருந்தாள். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை. அதில் யாரும் உட்காரவுமில்லை.

மதியத்துக்குள் பத்தொன்பது பேர் வந்து போட்டுவிட்டு, கெங்கி என்ற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் வெர்னெட்டின் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டைக் கேட்டாள்.

இரண்டரை மணிக்குக் கடை காலியாக இருந்தது. வெளியே மணலில் அந்தச் சத்தம் வந்தது. ஊன்றியது, இழுத்தது; ஊன்றியது, இழுத்தது. படிக்கு அருகே வந்து நின்றது. வாசலில் வெயில் மட்டும்தான் தெரிந்தது. ட்வைட் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைத் தாழ்த்தினார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் அராபா, "வாங்க அங்கிள், உட்காருங்க," என்றாள்.

ட்வைட் எழுந்து போய் வெளியே பார்த்தார். அவ்வளவு பெரிய வெறும் கடற்கரையைத் தான் பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். திரும்பி வந்தபோது மேசைமேல் எல்பர்ட்டின் சீட்டு இருந்தது. வெர்னெட் அதன் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு பக்கப் புத்தகம்," என்றாள். "நாய் உள்ள வரலாமா, குழந்தை அழுதா என்ன பண்ணணும், மின்சாரம் போனா என்ன பண்ணணும், எல்லாம் இருக்கு. இதுக்கு ஒரு வரி இல்ல."

மேலிடத்தைக் கேட்டிருக்கலாமே என்றார் ட்வைட். கேட்பதென்றால் முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்றாள் அவள். அவருக்குப் புரிந்தது.

"கை அவனோடது, குறி அவனோடது," என்றார். "உயிரோட இருக்கும்போதே போட்டுட்டான் வெர்னெட். பெட்டிக்கு வர்ற வழியில இருக்கான், அவ்வளவுதான்."

"வழியில இருக்கறவங்கள எண்ண முடியாது, ட்வைட்."

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க. நான் போட்டுடறேன். ஒரு சீட்டால எந்தக் குவியலும் சாயப்போறதில்ல."

"நான் திரும்பிட்டா அப்புறம் இது வாக்குச்சாவடி இல்ல, மீன்கடை."

"மீன்கடைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அராபா. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையருகே நின்றாள். குரலை இறக்கிக்கொண்டாள். "ஆண்ட்டி, அவர் இத்தனை தூரம் நடந்து வர்றார்னா ஏதோ ஒண்ணு கேட்கிறார். கேட்டதக் குடுத்துடுங்க. போயிடுவார்."

வெர்னெட் அதுவரை பயந்துகொண்டிருந்தது அவர் வந்துவிடுவாரோ என்றுதான். இப்போது, போயிடுவார் என்ற சொல்லைக் கேட்டதும், அந்தப் பயம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. சீட்டைப் பெட்டியில் போட்டால், எல்பர்ட் உயிரோடு இருக்கிறார் என்று பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். அவர் திருப்தியாகி வராமல் போய்விடுவார். போடாவிட்டால், இறந்துவிட்டார் என்று எழுத வேண்டும். அவர் நாளை மதியமும் நடப்பார், அதற்கடுத்த மதியமும். அவரை வீட்டில் வைத்துக்கொள்வதற்கான வழி அவரை இறந்தவர் என்று எழுதுவதாக இருந்தது. நீதிமன்றத்தில் எத்தனையோ விபரீத வழக்குகளைப் பதிந்தவள்தான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"நடந்து வந்து போடுன்னு நான்தான் சொன்னேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "வீங்கின காலோட."

ட்வைட் செய்தித்தாளை மடித்து வைத்தார். அராபா திரும்பிப் போய் அடுப்பைக் குறைத்தாள்.

மூன்றரைக்கு மேல் இரண்டு பேர் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். நான்கு மணிக்கு வெர்னெட் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினாள். பொறுப்பாளர் என்பதால் கடைசியாகப் போடுவது அவள் வழக்கம். தன் கடவுச்சீட்டை எடுத்துத் தனக்கே காட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். ட்வைட் இதற்கு எப்போதும் சிரிப்பார், அன்று சிரிக்கவில்லை.

எல்பர்ட்டின் சீட்டை அவள் பெட்டியில் போடவில்லை. அதை ஓர் உறைக்குள் வைத்து ஒட்டினாள். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "இறந்தார், பிப்ரவரி 19" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு தன் சீட்டில் ஆளுநருக்குக் குறியிட்டு, பெட்டியில் போட்டாள்.