அந்தோனியார் பெயரில் ஓர் ஊர்

போன மாதம் லண்டன் நோர்பரியில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் நாலைந்து பழைய சஞ்சிகைகள் கிடந்தன. ஒன்றைப் பிரித்தால், ஓய்வு பெற்றவர்கள் போய்க் குடியிருக்க ஏற்ற அமெரிக்கச் சிற்றூர்கள் என்று பத்துப் பக்கம். ஏரிக்கரை, வெள்ளை வேலி, சாய்வு நாற்காலியில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு வயதான தம்பதி. படத்தைவிட அந்தத் தாளின் வாசனைதான் எனக்கு மூக்கில் ஏறியது. பளபளப்புத் தாளும் மையும் சேர்ந்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் போல, கொஞ்சம் புதுச் செருப்புப் போல. என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை. நான் அப்போது லண்டனின் மறுகோடியில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தேன், இருபத்துமூன்று வயதில்.

அங்கே ஒரு பயண முகவர் நிலையத்தில்தான் என் முதல் வேலை. ஒரு பக்கம் மீன்கடை, மறுபக்கம் சாரிக்கடை. எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது மூன்றே ஊர்கள்: கொழும்பு, சென்னை, ரொறன்ரோ. ஆனால் சுவர் முழுக்க அமெரிக்கா. ஏதோ ஒரு நிறுவனம் பெட்டி பெட்டியாக இலவசமாக அனுப்பிய விளம்பரப் புத்தகங்களை, சுவரில் ஈரம் கசிவது தெரியாமலிருக்க முதலாளி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தவறிப்போய் யாராவது அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது என் பொறுப்பு. நானோ வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் விமானம் ஏறியவள், அதிலும் வழிமுழுக்க வாந்தி. புத்தகத்தில் உள்ளதை அப்படியே தமிழாக்கிச் சொல்லிவிடுவேன். ஒரு பெரிய பள்ளத்தாக்கைப் பற்றி, பார்த்தால் மூச்சே நின்றுபோகும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை அட்சரம் பிசகாமல் ஓர் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆஸ்துமாக்காரி. பயணத்தையே கைவிட்டுவிட்டார்.

அந்தச் சுவரைத் தேடியே வந்த ஒரே மனிதர் மரியநாயகம் அண்ணை. மன்னார்க்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. சனிக்கிழமைகளில் மனைவி ஞானம்மா அக்கா மீன்கடை வரிசையில் நிற்க, இவர் எங்களிடம் வந்து உட்கார்ந்துவிடுவார். தபால் உறைகளில் கண்ட ஊர்ப் பெயர்கள் அவருக்கு மனப்பாடம்.

“அமெரிக்காவிலை சேலம் எண்டு ஓர் ஊர் இருக்குப் பிள்ளை, தெரியுமே? லண்டன் எண்டும் ஒண்டு இருக்கு, கென்டக்கியிலை. எங்களுக்கு வாற கடிதம் அங்கை போய்ச் சுத்திப்போட்டு வந்தாலும் வரும்.”

அவருக்குப் பிடித்த ஊர்கள் மூன்று. பெரிய மரங்களின் நிழலில் சின்னச் சின்னச் சதுக்கங்கள் உள்ள சவானா. கப்பல் வந்தால் பாலமே மேலே எழும்பி வழிவிடுகிற டுலூத். வீடெல்லாம் களிமண் நிறத்தில் இருக்கும் சாந்தா ஃபே. மூன்றில் ஒன்றில் போய் ஓய்வுகாலத்தைக் கழிப்பது என்று முடிவெடுத்திருந்தார். எங்கே குளிர் குறைவு, எங்கே தேவாலயம் கிட்ட, எங்கே மீன் கிடைக்கும் என்று இருவரும் புத்தகங்களை விரித்து வைத்து மணிக்கணக்காகப் பேசுவோம்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு அங்கே சுற்றிப் பார்க்கப் போகலாம். ஓய்வூதியம் வருகிறது என்பதற்காகக் குடியிருக்க விடமாட்டார்கள். எனக்கு அது தெரியும். பாவம், ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கட்டுமே என்று விட்டேன் என்பது பாதி உண்மை. மீதி, சொன்னால் அவர் வராமல் போய்விடுவார் என்ற பயம். ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்திருந்த எனக்கு, கதவைத் திறந்ததும் “சாப்பிட்டியா பிள்ளை?” என்று கேட்க இந்த நகரத்தில் அவர்தான் இருந்தார்.

ஏன் அமெரிக்கா என்று ஒருநாள் ஞானம்மா அக்காவிடம் கேட்டேன். அன்று மீன் வரிசையில் நிற்பது அண்ணையின் முறை. அக்கா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருநாள், எங்கை போனாலும் எத்தனை பிள்ளையள் எண்டுதான் முதல் கேப்பினம். இவர் இப்ப ஒண்டுக்கும் வாறேல்லை. ஒருத்தரும் கேக்காத ஊருக்குப் போவமாம்.”

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. அடுத்த சனி, அடுத்த சனி என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு சனிக்கிழமை அண்ணை தானே மீன் வாங்கிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரிலிருந்து சவானாப் புத்தகம் ஒன்றை எடுத்தார்.

“வீட்டை விக்கக் குடுத்தனான், ஆள் வந்திட்டுது. திங்கக்கிழமை கையெழுத்து. சவானா எண்டு முடிவு பண்ணியாச்சு.”

“அண்ணை, அங்கை குடியிருக்க விடமாட்டாங்கள்” என்றேன்.

“ஏன்? எனக்குப் பென்சன் வருமே. ஒருத்தரிட்டையும் கைநீட்ட மாட்டன்.”

“பென்சன் இருந்தாலும் ஏலாது. சுத்திப் பாக்கத்தான் விடுவாங்கள். மூண்டு மாதம், அவ்வளவுதான்.”

“எப்ப சட்டம் மாறினது?”

“மாறேல்லை அண்ணை. முதலே அப்பிடித்தான்.”

புத்தகத்தை மூடினார். பிறகு, “உமக்கு முதலே தெரியும்?” என்றார். எப்போதும் ‘நீ’ என்கிறவர் என்னை ‘உமக்கு’ என்றது அன்றுதான்.

“ஓம்” என்றேன்.

கையில் இருந்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போனார். மீன் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நாலு சனிக்கிழமை வரவில்லை. அந்த வாரங்களில் நான் எழுதிய டிக்கெட்டுகளில் பாதியைக் கிழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஐந்தாவது சனி ஞானம்மா அக்கா தனியாக வந்தார். நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கையெழுத்து வைக்கேல்லை, வீடு தப்பிச்சுது. அவருக்குக் கோவம் இன்னும் ஆறேல்லை. ஆறும். நீ இப்ப எனக்கு ரெண்டு டிக்கெட் போடு.”

“எந்த ஊருக்கு அக்கா? சவானாவோ?”

“அது அவரின்ரை ஊர். நான் இவ்வளவு நாளும் வாயே திறக்கேல்லை, இப்ப நான் சொல்றன்.” சுவரில் இருந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். “இதைப் பாரன், எல்லாம் எங்கடை ஆக்கள், புனிதர்மார். பவுல் நிக்கிறார், பிரான்சிஸ் நிக்கிறார். இஞ்சை டெக்சாசிலை அந்தோனியார். சான் அன்டோனியோ. காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். இந்த மனுசனும் ஒரு மாதமாய்க் காணாமல்தான் போட்டார்.”

மூன்று வாரப் பயணம். சிவப்புக் கரித்தாள் வைத்த டிக்கெட்டில் அவர்கள் பெயரை எழுதும்போது எழுத்துப் பிழை விடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

திரும்பி வந்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள், நன்றாகக் கறுத்து. அண்ணை முதலில் ஆற்றைப் பற்றிச் சொன்னார்; நகரத்தின் நடுவில் தெருவுக்குக் கீழே ஓடுகிறதாம், படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டுமாம். “அச்சு அசல் மன்னார் வெயில்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். மிச்சத்தை அக்கா சொன்னார்.

முதல் ஞாயிறு பூசைக்குப் போயிருக்கிறார்கள். எல்லாம் ஸ்பானிய மொழி. ஒன்றும் விளங்காவிட்டாலும் எப்போது முழந்தாளிடுவது என்று தெரிந்திருந்தது. பூசை முடிந்ததும் அக்கா வயதில் ஒரு மெக்சிக்கோப் பெண், எலேனா என்று பெயர், வந்து கையைப் பிடித்துக்கொண்டு தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாளாம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று.

“இவர் டக்கெண்டு எழும்பிட்டார். நான் இல்லையெண்டு சொன்னன். அவ ஏன் எண்டு கேக்கேல்லை, ஐயோ எண்டும் சொல்லேல்லை. என்ரை பக்கத்திலை இருந்திட்டா. பையைத் திறந்து பாண் மாதிரி ஒரு ரொட்டியை எடுத்துப் பிச்சுத் தந்தா. எங்கடை ஆக்கள் கேட்டுப்போட்டு எழும்பிப் போயிடுவினம். அவ கேட்டுப்போட்டு இருந்திட்டா.”

அண்ணை போவதா நிற்பதா என்று தெரியாமல் நடுவழியில் நின்றிருக்கிறார். எலேனா அவருக்கும் ஒரு துண்டை நீட்டியிருக்கிறாள். அன்று மதியம் அவள் வீட்டில் பதினேழு பேருக்கு நடுவில் சாப்பாடு. அடுத்த இரண்டு ஞாயிறும் அங்கேதான்.

“கேக்காத ஊர் இல்லைப் பிள்ளை,” என்றார் அக்கா.

அண்ணை எழுந்து சுவர்ப்பக்கம் போய் ஒரு சவானாப் புத்தகத்தை உருவினார். என் மேசையில் போட்டுவிட்டு, “வாற வருசத்துக்குப் பார். குடியிருக்க இல்லை, ரெண்டு கிழமைக்கு” என்றார். பிறகு, “நீ இன்னும் சாப்பிடேல்லைப் போலை” என்றார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வருடம் ஓர் ஊர். சவானாவில் அவருக்கு நுளம்பு கடித்தது. சாந்தா ஃபே உயரத்தில் இருப்பதால் அக்காவுக்கு மூச்சு இளைத்தது. டுலூத்தில் ஜூன் மாதத்திலும் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, பாலம் எழும்புவதைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் நின்றார்களாம். அண்ணை கொண்டாட்டங்களுக்கும் வரத் தொடங்கினார். வால்தம்ஸ்டோவில் ஒரு கலியாண வீட்டில் நானே கண்டேன். யாரோ ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அண்ணை பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “எங்களுக்கு இல்லை. நீங்கள் இருங்கோ, கதைப்பம்” என்றார். கேட்டவரும் இருந்துவிட்டார்.

அண்ணை ஓய்வு பெற்று ஆறு வருடம் இருந்தார், ஃபாரஸ்ட் கேட்டில், அதே வீட்டில். அக்கா அதற்குப் பிறகு நாலு வருடம். பயண முகவர் நிலையம் எப்போதோ மூடிவிட்டது. இப்போது அங்கே நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். என் மகள் படுக்கையில் கிடந்தபடியே கைபேசியில் டிக்கெட் எடுக்கிறாள். அவளிடம் ஊரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அக்கா போன பிறகும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு எலேனாவிடமிருந்து அந்த வீட்டு முகவரிக்கு வாழ்த்து அட்டை வந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பங்குத் தந்தையிடம் கொடுக்க, அவர் என்னைக் கூப்பிட்டார். நான் எலேனாவுக்குச் செய்தி சொல்லிப் பதில் எழுதினேன். அடுத்த வருடம் அட்டை என் பெயருக்கு வந்தது, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு. ஒரு மகள் என்று எழுதினேன். இப்படி ஏழெட்டு வருடம் எழுதிக்கொண்டோம். போன இரண்டு நத்தாருக்கும் ஒன்றும் வரவில்லை.