கேமராவுக்குப் பின்னால் ஓர் 'இன்னா'

எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. தியேட்டரில்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். படம் ஓடும்போது நான் ஹீரோயினைப் பார்ப்பதில்லை, அவளுக்குப் பின்னால் காய்கறிப் பையோடு நடந்துபோகிறவளைப் பார்ப்பேன். அவளுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். பக்கத்துச் சீட்டில் என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். இரும்பு உருக்கும் கம்பெனியில் வாரம் முழுக்க வெந்துவிட்டு வருகிற மனுஷன், ஏசி பட்டதும் கண் செருகிவிடும். தூங்குவதற்கென்றே டிக்கெட் எடுக்கிற ஒரே ஆள் கும்மிடிப்பூண்டியில் நீதான் என்று திட்டுவேன்.

"நீ பாத்துக்கினு வந்து கதைய சொல்லுமே, அது போதும்" என்பார். இன்டர்வெல் பப்ஸுக்கு மட்டும் சரியாக எழுந்துவிடுவார்.

நானும் கம்பெனிக்காரிதான். கார்களுக்குப் போகும் ஒயர்களைப் பரிசோதிக்கிற வேலை. அதுபோக மற்ற நேரமெல்லாம் நடிகை, அதாவது நடிகையாகிவிட முயற்சி செய்கிறவள். சென்னையில் ஒரு நடிப்புப் பட்டறைக்கு முதல்முறை போன அன்று, சொல்லிக்கொடுப்பவர் ஏதோ கேட்டார். சரியாகக் காதில் விழாமல் "இன்னா சார்?" என்றேன். அறை மொத்தமும் சிரித்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. திரும்பி வரும் ரயில் மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இனி என் வாயில் 'இன்னா' இல்லை, 'ஊடு' இல்லை, 'ஒயுங்கு' இல்லை. தினமும் ரயிலில் "வீடு, வீடு, ஒழுங்கு, ஒழுங்கு" என்று முணுமுணுத்தபடி வருவேன். ஒருநாள் எதிரில் இருந்த அம்மா பயந்துபோய் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சில மாதங்களில் நாக்கு வழிக்கு வந்தது. கம்பெனி கேன்டீனில் நான் நுழைந்தால், "நியூஸ் வாசிக்கிறவங்க வராங்கோ, வழி வுடுங்க" என்று கேலி செய்வார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் பேச்சை மாற்றவில்லை.

இப்போதெல்லாம் முதல் கட்டத் தேர்வுக்கு நேரில் போக வேண்டியதில்லை. போனுக்கு வசனம் அனுப்புவார்கள். வீட்டிலேயே நடித்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எதிராளி பேசும் வசனத்தை மட்டும் கேமராவுக்குப் பின்னால் நின்று யாராவது படிக்க வேண்டும். எனக்கு அந்த யாராவது, என் வீட்டுக்காரர். ஒரு கையில் போன், இன்னொரு கையில் காகிதம். முகத்தில் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பொறுமை.

ஒரு முறை வந்த வசனம் எங்களுக்கென்றே எழுதியதுபோல இருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண். வேலை போனதைப் பெண்டாட்டியிடம் சொல்லாமல் மறைக்கும் புருஷன். அவள் அதைக் கண்டுபிடிக்கிற காட்சி. படித்ததும், இது எனக்கில்லை என்றால் வேறு எதுவும் எனக்கில்லை என்று தோன்றியது. நல்ல புடவை கட்டி, தலை வாரி, பவுடர் போட்டு நின்றேன். அவர் காகிதத்தைப் பார்த்துத் திணறினார். "என்ன, சாப்பிட்டாயா?" என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு, "இது படிக்கவே பேஜாரா கீது" என்று சொல்லித் தன் பாட்டுக்குப் பேசினார்.

"இன்னாமே, துன்னியா?"

நான் "ஏன் உங்கள் முகம் வாடியிருக்கிறது?" என்று அழகாகக் கேட்டேன். ஒரு சொல் பிசகவில்லை. முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் மனுஷியாக இல்லை. நிமிஷத்துக்கொரு தரம் போனை எடுத்துப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை. என் தவிப்பைப் பார்க்கச் சகிக்காமல், ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பெரியபாளையத்துக்கு அழைத்துப் போனார். கோயிலுக்கு வெளியே மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் பானையை ஏற்றினார். விறகு ஈரம். குனிந்து ஊதிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர். அப்போது போன் அடித்தது.

பேசியது ஒரு பெண், உதவி இயக்குநராம். "மேடம், உங்க வீடியோ டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றாள். "நீங்க கேரக்டருக்குக் கொஞ்சம் சிட்டியா தெரியறீங்க, அதனால உங்களுக்கு வேற படத்துல பாக்கலாம். ஆனா கேமராவுக்குப் பின்னாடி பேசினாரே ஒருத்தர், அவர் யாரு? அந்தக் குரல்தான் டைரக்டருக்கு வேணும். அந்தப் புருஷன் கேரக்டருக்கு அவரை ஒரு நாள் அனுப்ப முடியுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் லுங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார்.

"அவருக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க. வர மாட்டார்" என்றேன்.

எவ்வளவு சுத்தமான தமிழில் சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. போனை வைத்த பிறகு, "யாருமே?" என்று கேட்டார். "ராங் நம்பர்" என்றேன். பானையைக் கவனிக்க வேண்டியவள் கவனிக்கவில்லை. பொங்கல் அடிபிடித்துவிட்டது. அதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சாப்பிட்டார்.

பொறாமைதான், வேறென்ன. நான் ஊரூராக அலைந்து, நாக்கைச் சுரண்டிச் சுரண்டித் தேடியது, தூக்கக் கலக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவரைத் தேடி வந்துவிட்டது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் படம் வந்தது. நம்ம ஊர்க் கதையாம் என்று அவரேதான் டிக்கெட் எடுத்தார். அன்று அவர் தூங்கவே இல்லை. புருஷனாக வந்தவர் வெளியூர்க்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாரையும் 'மே' போட்டுப் பேசினார், பெற்ற தாயையும்கூட. தியேட்டரே சிரித்தது. என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"அம்மாவையே 'மே'ன்றான் பாரு. எந்த ஊர்லமே அம்மாவ அப்டி கூப்டுவாங்கோ? இதுக்கு என்னிய கூப்டுருந்தா நானே பேசிட்டு வந்துருப்பேன்" என்றார்.

பெண்டாட்டியாக வந்தவள் முகத்தில் பவுடர் இல்லை. "இன்னாய்யா மூஞ்சி தொங்கிப் போய் கீது" என்று சாதாரணமாகக் கேட்டாள். என் அம்மா கேட்பது போலவே இருந்தது. நான் அழுதேன். அவர் அதைப் படத்துக்காக என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடி, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். கூப்பிட்டார்கள், உன்னைத்தான் கேட்டார்கள், நான்தான் வேண்டாம் என்று சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"எப்போ?"

"பெரியபாளையத்துல. நீ அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தப்ப."

"பொங்கல் அடி புட்ச்சிதே, அன்னிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பினார்.

அதோடு சரி. திட்டவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன என்று பாத்திரத்தை எல்லாம் நங்கென்று வைத்தேன். அவர் எழுந்து வந்து பாத்திரத்தை அடுக்கிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு வசனம் வந்தது. கேட்க வாய் வரவில்லை. அவராகவே சுவரோரம் நாற்காலியை நகர்த்தி, ஜன்னல் வெளிச்சம் பார்த்து, போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தயார் என்று தலையாட்டினேன்.

"என்ன, சாப்பிட்டாயா?" என்றார்.

இந்த வசனத்திலும் அதே கேள்விதான். காகிதத்தில் இருந்தபடியே படித்தார், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக. எனக்கு என் வசனம் மறந்துபோனது.

"யோவ், இன்னாய்யா இது? ஒயுங்கா பேசுய்யா" என்று கத்திவிட்டேன்.

"ஒழுங்காத்தான பேசுறேன்" என்றார். அந்த 'ழ' வருவதற்கு நாக்கு எங்கெங்கோ போய் வந்தது. முகத்தில் கேலி இல்லை. "உன் வீடியோல என் சத்தம் வந்து கெடுத்துறக் கூடாதுல்ல."

அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம். கெஞ்சினேன், அதட்டினேன், உன் பேச்சையே பேசு என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது முறை எடுத்தோம். ஒன்பது முறையும் அவர் 'என்ன' என்றே சொன்னார்.