தாலியில் படிந்த வெள்ளை

அக்காவின் தாலியில் ஒரு நாள் காலையில் வெள்ளை விழுந்திருந்தது. பொட்டுத் தாலியின் கீழ் விளிம்பில், ஒரு பச்சரிசி அகலத்துக்கு மஞ்சள் போய், ஈயம் பூசினாற்போல் ஒரு வெளுப்பு. முகம் கழுவிவிட்டு வந்த அக்காதான் முதலில் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அப்புறம் முந்தானையால் அதை மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா மடியிலிருந்த, பீடி சுற்றும் சுளவை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் அப்போது சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் நினைப்பு வேறெங்கும் போகவில்லை. "எய்யா, அத்தானுக்குப் போனப் போடு. இப்பமே போடு" என்றாள். போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. "தங்கம் வெளுக்குமா? எங்கனயாவது தங்கம் வெளுத்திருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

தங்கம் எதனால் வெளுக்கும் என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது நான் வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா பேட்டையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்தவள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசிப்பாள். பத்தி பத்தியாக இருப்பதை வாசிக்க மாட்டாள். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் என் கைக்கு வந்துதான் நிற்கும். மாத்திரை அட்டை, ரேஷன் கடை அறிவிப்பு, அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாவற்றுக்கும் நான் சொல்வதுதான் அர்த்தம். நான் சொன்னால் யாரும் மறுபடி கேட்பதில்லை.

எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தனிமங்களைச் சேர்ப்பது. ஊசிமருந்து வரும் சின்னப் புட்டிகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் அந்தத் தனிமத்தின் அணு எண்ணை ஒட்டி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் துத்தநாகத் தகடு. ஃப்யூஸ் போன குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை. நாட்டு மருந்துக் கடையில் கந்தகம். தங்கத்துக்கு என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா தன் பழைய கம்மலின் தேய்ந்த திருகாணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இந்தா சயின்டிஸ்டு, வச்சுக்க. இத வச்சு ஒரு கிலோவா ஆக்கித் தருவேன்னு சொல்லுலே" என்று சிரித்தாள். அது எழுபத்தொன்பதாவது புட்டியில் போய் உட்கார்ந்தது.

அடுத்தது எண்பது. பாதரசம். பேட்டையில் பழைய இரும்புக் கடை அண்ணாச்சி, எங்கோ கழித்துப்போட்ட ரத்த அழுத்தக் கருவி ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தார். "குடிச்சிக் கிடிச்சித் தொலையாதலே, உங்கப்பன் என்னய உரிச்சிருவான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதைப் பின்னறையில் வைத்துப் புட்டியில் வடிக்கும்போது கை வழுக்கியது. தரை முழுக்க நூறு உருண்டைகள். துரத்தத் துரத்த இரண்டாய், நாலாய் உடைந்து ஓடின. காகிதத்தால் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சுவரோரம் சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் இருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அதில் போயிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, வளைகாப்பு முடிந்து, அக்காவைச் சேரன்மகாதேவியிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். வேப்பமர நிழல் விழுகிற பின்னறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி. அதை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அம்மா தரையைக் கழுவித் துடைத்து, சுவரோரமாகப் பாய் விரித்தாள். நான் டப்பாவைப் பரணில் ஏற்றினேன். வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் விஷம் எதுவும் கொண்டுவர மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என் மீது இருந்த மதிப்பும் எனக்குப் பெரிதாக இருந்தது.

அக்கா டாக்டர் சொன்னபடி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பாள். தாலி சரடோடு சரிந்து, பாய்க்கு வெளியே, அந்த விரிசலில் கிடந்திருக்கிறது. பாதரசம் தங்கத்தைத் தொட்டால் அதில் ஒட்டிக் கலந்து வெளுப்பாக்கிவிடும். அவள் வந்த ஒன்பதாம் நாள் அது கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மாவின் கோலத்தைப் பார்க்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அது பாதரசம்மா. என் புட்டியில இருந்தது. அத்தானுக்கு ஒண்ணுமில்ல."

அம்மா என்னை அறைந்தாள். அப்புறம் சிரித்தாள். "பாவி மட்ட, அரைமணி நேரத்துல என்னயக் கொன்னு எடுத்திட்டியேலே!" அப்பாவும் சிரித்தார். அம்மா அக்காவின் கழுத்தில் சரட்டில் கோத்த மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிவிட்டு, தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா அதை டவுணில் ஆசாரியிடம் கொண்டுபோகப் புறப்பட்டார். நெருப்பில் காட்டினால் வெள்ளை போய்விடும், ஆனால் அந்தப் புகை ஆசாரிக்கு ஆகாது, சொல்லிவிடுங்கள் என்றேன். "அவருக்குத் தெரியும்லே. நீ பெறக்கதுக்கு முன்ன இருந்தே அவரு ஆசாரி" என்று சொல்லிக்கொண்டே போனார். அதற்குள் அத்தானே போனில் கூப்பிட்டு, தூக்கக் கலக்கத்தில் என்ன ஏது என்று விசாரித்தார். வீடு கலகலப்பாகிவிட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியில் நான் தனியாக இருந்தபோது வந்தாள்.

"புகை ஆசாரிக்கு ஆகாதுன்னா, எனக்கு?" வயிற்றைத் தொட்டாள். "இதுக்கு?"

நான் குனிந்து குடத்திலிருந்து தண்ணீர் மொண்டேன்.

"எப்பம்லே கொட்டுன?"

"நேத்து. நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்பம்."

"அப்பம் ஒரு ராத்திரிதான்" என்றாள். சொல்லிவிட்டு மூச்சு விட்டாள். பின்னறையில் காற்று வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லி, அன்றே பாயை முன்னறைக்கு எடுத்துக்கொண்டாள். வேறு யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நான் விரிசலில், பாதரசத்தைக் கட்டுகிற கந்தகப் பொடியைத் திணித்துச் சுரண்டி எடுத்தேன். மிச்சப் பாதரசத்தைக் கல்லூரியில் ஒப்படைத்தேன்.

பெண் குழந்தை. மற்றவர்கள் யார் ஜாடை என்று பார்த்தார்கள். நான் கை நடுங்குகிறதா, சத்தம் கேட்டால் திரும்புகிறதா என்று பார்த்தேன். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை. அத்தானும் தாமதமாகத்தான் பேசினார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அந்த வருஷம் ஒருநாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அக்கா கேட்டாள்: "அந்த ஒரு ராத்திரியாலயா இருக்குமோலே?"

"ஒரு ராத்திரியில ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் என்னை நம்பியதுபோல் இதுவரை யாரும் என்னை நம்பியதில்லை. நான் சொன்ன பதிலில் பொய்யில்லை. அவள் கேள்வியில் இருந்த ‘ஒரு ராத்திரி’ என்ற கணக்குதான் பொய். அதை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

அப்புறம் பேசத் தொடங்கிய பிள்ளை இன்றுவரை நிறுத்தவில்லை. ஏழு வயது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகை அத்தனையையும் உரக்க வாசித்துக்கொண்டு வருவாள். "பைய வாசி, தொண்ட கட்டிரும்" என்று அக்கா அதட்டுவாள், பெருமை தாங்காமல். நான் இப்போது பாளையங்கோட்டையில் தண்ணீர் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பதைக் கேட்கிறபோதெல்லாம் நெஞ்சில் ஒரு கல் இறங்கும். இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறும்.

போன வாரம் அக்கா போனில் கேட்டாள்: "என்னயப் பத்தி என்னமோ எழுதுதியாமே. அச்சுல வந்ததும் கொண்டாலே. இவ வாசிச்சிக் காட்டுவா, நான் கேப்பேன்."

அந்தப் பிள்ளை எந்த வரியையும் விடமாட்டாள். விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்து, ஒன்பதாம் நாள் என்கிற இடத்துக்கும் வருவாள். அதை அவள் வாயால் அக்கா கேட்கக் கூடாது. இது அச்சாவதற்குள், இந்த ஞாயிற்றுக்கிழமை, சேரன்மகாதேவிக்குப் போகிறேன். பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டு, அக்காவின் எதிரில் உட்கார்ந்து, நேத்து இல்லக்கா என்று தொடங்க வேண்டும். அதற்கு மேல் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.