நண்டும் கீபோர்ட்டும்

கொழும்புத்துறையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர்குழுவுக்குப் புளூடூத் உள்ள கீபோர்ட் வந்தபோது, அதை வாசிக்கும் பிள்ளை கேட்டாள்: "சேர், இதுக்குக் கடவுச்சொல் போடுவமோ?"

"கோயிலுக்குள்ளை ஆர் களவாப் பூரப்போறான், பிள்ளை?" என்றேன்.

நான் குழுத் தலைவன்; பாதுகாப்பில் கண்டிப்பானவன். பெருநாள் பூசைக்கு முன் எல்லோருடைய கைபேசிகளையும் கூடைக்குள் போட வைத்தேன், என்னுடையதைத் தவிர. ஒத்திகையில் பாட்டைப் போட்டுக் காட்ட அதைத்தான் கீபோர்ட்டுடன் இணைத்திருந்தேன் என்பது நினைவில் இல்லை.

காணிக்கைப் பாட்டின் நடுவே மனைவியின் குரல்பதிவு வந்தது. இரகசியமாகக் கேட்கலாமென்று காதில் வைத்தேன். கீபோர்ட் வழியாகக் கோயில் முழுவதும் கேட்டது: "இஞ்சாருங்கோ, சுவாமி இண்டைக்கும் பூசையை இழுக்கப்போறார். சந்தையிலை நண்டு முடிஞ்சிடும், கெதியா வாங்கோ!"

பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி அந்தப் பிள்ளையிடம், "ஆரோ வெளியாள் பூந்திட்டான். பூட்டிவைக்கத் தெரியாட்டி உமக்கேன் உந்தக் கீபோர்ட்? இனித் தொடவேண்டாம்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு நண்டு வாங்கப் போனேன்.

சுவாமியிடம் உண்மையைச் சொல்ல எனக்குச் சில ஞாயிறுகள் பிடித்தன. அத்தனை ஞாயிறும் அவள் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள்தான் மறுபடி வாசிக்கிறாள். கீபோர்ட்டுக்குக் கடவுச்சொல்லும் உண்டு. குழுவில் எல்லோருக்கும் அது தெரியும், தலைவனைத் தவிர. கேட்க எனக்கு வாயில்லை.