காரவள்ளியில் நான் சொன்ன பொய்

ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் என் வெட்கத்தை முதலில் சொல்லியாக வேண்டும். நடந்த சமயத்தில் என் சபையில் சொன்னதோடு சரி, அதன்பிறகு பல வருடங்களாக எந்தக் கூட்டத்திலும் இதை நான் சொன்னதில்லை. சாட்சி சொல்ல எழுந்து நிற்பேன். முகம் சுடும். வேறு ஏதோ ஒரு நன்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

2001-ஆம் ஆண்டு. அப்போது நான் கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். என் கணவருக்குச் சேலத்தில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிப் போவார். எங்களிடம் பழைய மாருதி கார் ஒன்று இருந்தது. மலையில் அதை நான்தான் ஓட்டினேன். அந்த வளைவுகளில் கார் ஓட்டுகிற பெண் அப்போது எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. சோளக்காடு ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமை. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

எங்கள் சபை சின்னது. மாற்றலாகி வந்த அரசு ஊழியர் குடும்பங்கள் சில, மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலர். பெண்கள் ஜெபக்குழுவை நான் நடத்தினேன். அதில் புதிதாகச் சேர்ந்தவள் சின்னப்பொண்ணு. மிளகுத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள். மகள் வழியாக என்னைத் தெரிந்து, என் வழியாக ஜெபத்துக்கு வந்தவள். நான் சொன்னதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு.

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். நாமக்கல்லில் பெண்களுக்கான ஒரு கூட்டம். குழுவிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பாட்டு. மலையிறங்கி முடிகிற காரவள்ளியில் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஓரம் கட்டச் சொன்னார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் புரட்டினார். "லைசென்ஸ் இருக்குது, ஆர்.சி. இருக்குது. இன்சூரன்ஸ் எங்கீங்க?"

இன்சூரன்ஸ் மார்ச் மாதமே முடிந்திருந்தது. "முடியப் போகுது, மறக்காம புதுப்பிச்சிடு" என்று என் கணவர் சொல்லியிருந்தார். சரி என்றேன். பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு லீவு முடியட்டும் என்று தள்ளினேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. சோம்பல்தான். எனக்கு என்ன ஆகப் போகிறது என்கிற எண்ணம்தான்.

"வீட்டுல இருக்கு சார். எடுத்துட்டு வர மறந்துட்டேன்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்சீட்டிலிருந்து சின்னப்பொண்ணு தலையை வெளியே நீட்டினாள்.

"எங்க டீச்சரம்மா பொய்யெல்லாம் சொல்ல மாட்டாங்க சாமி. பொய் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கே சொல்லிக் குடுக்கறவங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "டீச்சருங்களா? அப்பச் சரிங்க. அடுத்த வாரத்துக்குள்ள ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து காட்டிட்டுப் போயிருங்க." வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

கார் நகர்ந்ததும் மறுபடி பாட்டு ஆரம்பித்தது. நானும் வாயசைத்தேன்.

அடுத்த வாரம் பள்ளியில் ஒரு சக ஆசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். நல்லவர்தான், உதவுகிற எண்ணத்தில் நாமக்கல்லில் ஓர் ஏஜென்டைக் காட்டிவிட்டார். அந்த ஏஜென்ட் ரொம்பச் சாதாரணமாகப் பேசினார். "மார்ச் மாசத் தேதியவே போட்டு எழுதித் தந்தர்றேங்க. யாருங்க போயி நோண்டப் போறாங்க? மேல கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான்." யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கணவரிடமும் மறைத்தேன். ஜெபித்தேன், ஜெபிக்காமல் இல்லை. என்ன ஜெபம் தெரியுமா? அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வர வேண்டும், அவர் என்னை மறந்துவிட வேண்டும். முழங்காலில் நின்று இதைத்தான் கேட்டேன். கண்ணை மூடினால் பின்சீட்டிலிருந்து வந்த அந்தக் குரல்தான் கேட்டது. ஜெபம் பாதியில் நின்றுபோகும்.

அந்த வாரம் ஜெபக்குழு என் வீட்டில் கூடியது. ஒவ்வொருவராக ஜெபித்தோம். சின்னப்பொண்ணு தன் முறை வந்ததும் சொன்னாள். "ஆண்டவரே, டீச்சரம்மா ஸ்டேஷனுக்குப் போறாங்க. அந்தப் போலீஸ்காரரு காகிதத்தப் பாத்துட்டு, நிக்க வெக்காம மரியாதையா அனுப்பி வெக்கோணும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. இல்லாத ஒரு காகிதத்துக்காக, என்னை நம்பின ஒருத்தி ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் உண்மையாக ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை இனி மறைக்க வேண்டாம். உண்மையைச் சொல்ல வாயைக் கொடும்." வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லுகிற விசுவாசம் எனக்கு இல்லை. "வேலையை மட்டும் காப்பாற்றும்" என்றும் கேட்டேன். இரண்டையும் சேர்த்தேதான் கேட்டேன்.

மறுநாள் செம்மேடு டெலிபோன் பூத்திலிருந்து என் கணவருக்குப் பேசினேன். சொல்லி முடித்ததும், "நானும் வரட்டுமா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

அந்த ஏஜென்டிடம் போகவில்லை. முறையாகப் பணம் கட்டி, அன்றைய தேதியிலேயே இன்சூரன்ஸ் வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

சப்-இன்ஸ்பெக்டர் தேதியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னிக்கு இன்சூரன்ஸே இல்ல சார். பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க டீச்சர், அன்னிக்கே சொல்லியிருந்தா எச்சரிச்சுக்கூட அனுப்பியிருப்பேன். உங்க வார்த்தைய நம்பித்தானுங்களே உட்டேன்? இப்பக் கேஸ் எழுதித்தான் ஆகோணும்."

"எழுதுங்க சார்."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று எத்தனை முறை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை. கூடத்தான் செய்தது.

சம்மன் பள்ளிக்கூட விலாசத்துக்கே வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தலைமையாசிரியர் என் கையில் கொடுத்தார். ஏஜென்டைக் காட்டிய ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு ஜெயிலும் போடலாம் டீச்சர். ஒரு நாள் போட்டாக்கூட சஸ்பெண்டுதான். சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று பாக்கி இருந்தது. சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். வாசலில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் அந்தப் போலீஸ்காரருகிட்டச் சொன்னது பொய்யாங்க?"

"நீ பொய் சொல்லல. நான்தான் உன்ன அப்படிச் சொல்ல வச்சேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் ஜெபத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒருத்தியை ஆண்டவரிடம் கூட்டிக்கொண்டு வந்த நானே அவளைத் துரத்திவிட்டேனே என்று நினைத்து உடைந்துபோனேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அவளை மட்டும் இழந்துபோக விடாதேயும்" என்று கேட்டேன்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சின்னப்பொண்ணு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நானும் வாரேன் டீச்சரம்மா."

"எதுக்கு? உனக்கு வேலை கெட்டுப்போகுமே."

"அன்னிக்கு உங்ககூடக் கார்ல வந்தேன். இன்னிக்கு பஸ்ல வரக் கூடாதுங்களா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாதீங்க கண்ணு, பஸ்ஸு வந்துருச்சு" என்றாள்.

என் கணவர் சேலத்திலிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம். சாராயக் கேஸ், அடிதடி, லைசென்ஸ் இல்லாத டிரைவர்கள். அந்தக் கூட்டத்தில் மலையிலிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க எங்கீங்க இங்க?" என்று கேட்டார். அவர் பையன் என்னிடம் படித்தவன். "என் மேல கேஸ் இருக்குங்க" என்றேன். அவர் பதறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட வேண்டியது நான், ஆனால் எனக்காக அவர் வெட்கப்பட்டார்.

என் பெயருக்கு முன்னால் ஒரு வேன் டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவரும் இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டவர். ஆனால் பிறகு பழைய தேதி போட்ட ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கம்பெனியில் விசாரித்ததில் அது அண்மையில் எழுதினது என்று தெரிந்துவிட்டது. மாஜிஸ்திரேட்டின் குரல் கடுமையாயிற்று. பொய்யான ஆவணம் என்று தனியாக வழக்குப் பதியச் சொன்னார். அந்த மனிதரை அங்கேயே போலீசார் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே அவர் மனைவி போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அந்தக் காகிதம் என் கையிலும் இருந்திருக்க வேண்டியது. ஓர் ஆமென் சொல்ல முடியாமல் போனதால்தான் அது இல்லை.

அடுத்து என் பெயர். கூண்டில் ஏறினேன்.

"அரசு ஆசிரியையா? குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒப்புக்கொள்கிறேன் ஐயா. சோதனை செய்த அதிகாரியிடம் பொய்யும் சொன்னேன்."

பொய்யைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "நீங்களாகவே ஸ்டேஷனுக்கு வந்து உண்மையைச் சொன்னதாக இதில் எழுதியிருக்கிறதே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்மேல் அவ்வளவு கோபப்பட்ட அந்த சப்-இன்ஸ்பெக்டர் அதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு மாற்றல் வர வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்டவள் நான்.

மாஜிஸ்திரேட் அபராதம் மட்டும் விதித்தார். ஜெயில் இல்லை. "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். கவனமாக இருங்கள்" என்றார். தலை நிமிர முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வெளியே வந்து பார்த்தால் சின்னப்பொண்ணு அந்த டிரைவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எங்களுக்காகக் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவள் கையில் கொடுத்து, "ரெண்டு வாய் சாப்புடு சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு எதிரே ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்காக ஜெபித்தேன். அந்தக் குடும்பம் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.

பள்ளிக் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டுவிட்டார்கள். சபையிலும் சொன்னேன். கொஞ்ச காலத்துக்கு ஜெபக்குழுவை வேறொருவர் நடத்தட்டும் என்று விலகிக்கொண்டேன். பெண்கள் கூடிப் பேசி, முதல் வாரம் நடத்தச் சொல்லிச் சின்னப்பொண்ணைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, எங்கள் எல்லோருக்காகவும் ஜெபித்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். அன்றைக்கு என்னால் ஆமென் சொல்ல முடிந்தது.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆண்டவர் என் வேலையைக் காப்பாற்றினார். என்னால் இடறிப்போயிருக்க வேண்டிய ஒருத்தியைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டார். இரண்டுக்கும் நான் தகுதியுள்ளவள் அல்ல.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு பொய்யை மூடி மூடிக் காத்துக்கொண்டிருக்கலாம். அது மறைந்தே இருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டும் இருக்கலாம். அப்படி ஜெபித்துப் பார்த்தவள் சொல்கிறேன், அதற்குப் பதில் வராது. உண்மையைச் சொல்ல வாயைக் கேளுங்கள். கொடுப்பார். சொன்ன உடனே எல்லாம் சரியாகிவிடாது, காரியம் இன்னும் மோசமாகலாம், ஊர் முன்னால் தலைகுனிய வேண்டிவரலாம். பயப்படாதீர்கள். நாம் தலைகுனிந்து நிற்கிற இடத்துக்கும் அவர் வருவார். எனக்குக் கோர்ட் கூண்டு வரைக்கும் வந்தார்.