நோய்ப் பாத்தியின் நாற்பத்தொன்றாம் வரிசை

அந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை எல்லோரும் மார்க்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். களையெடுக்கத் தினக்கூலியாக உள்ளே வந்தவள். பதினெட்டு வருடத்தில், இலையைப் பார்த்தே குலைநோய்க்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொண்டாள். புள்ளியே இல்லையென்றால் பூஜ்யம். பயிர் கருகிச் செத்தால் ஒன்பது. இதற்குள் விஞ்ஞானிகள் நான்கு பேர் வந்து போனார்கள். இருவர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். நுண்ணோக்கி வந்தது, அதற்குப் பல்பு வர இரண்டு வருடமாயிற்று. நிலையாக இருந்தது அவள் கண் ஒன்றுதான்.

நோய்ப் பாத்தி அவள் பொறுப்பு. அறுபத்துநான்கு வரிசை, வரிசைக்கு ஒரு புது ரகம். சுற்றிலும் வேண்டுமென்றே நோய் பிடித்த பயிரை நட்டு, நோய் பரவிய பின் எது தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பருவத்தில் அறுபத்துமூன்று வரிசை விழுந்தது. நாற்பத்தொன்று மட்டும் நின்றது. அதன் விதை வேறெங்கும் இல்லை. கிடங்கின் குளிரூட்டி கோடையில் பழுதாகி, வைத்திருந்ததெல்லாம் முளைப்பு இழந்துவிட்டது. இன்னும் நான்கு நாளில் அறுக்க வேண்டும்.

அதே சமயம் சுற்றுவட்டாரத்து வயல்களிலும் குலைநோயால் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்தது. பண்ணைக்காரர்களே நோயை வளர்த்து விடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு நாற்பது பேர் தடியும் அரிவாளும் மண்ணெண்ணெயுமாக வந்தார்கள். காவல்காரரின் மண்டை கேட்டிலேயே பிளந்தது. ஆய்வுக்கூடத்து ஜன்னல்கள் நொறுங்கின. நுண்ணோக்கி வாசலில் வந்து விழுந்தது. ஐந்தாவதாக வந்திருந்த விஞ்ஞானி ஒரு சின்னப் பெண். அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள்.

மார்க்கு அக்கா பாத்தி வரப்பில் மண்வெட்டியோடு நின்றாள். கூட்டத்துக்கு முன்னால் வந்தவன் அவள் கணவனின் தம்பி. பண்ணைக்கு அடுத்த வயல் அவனுடையது.

“தள்ளுங்க அண்ணி. உங்க மேல கை வைக்க வேண்டாம்னு பார்க்கிறேன்.”

“காவல்காரர் மேல வைக்கும்போது பார்க்கலையா?”

“வக்கணையா பேசாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். என் வயலுக்கு நோய் இங்கிருந்து வரலன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க. இவங்கள நான் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

ஒரு பொய் போதும். அவள் அவன் வயலைப் பார்த்தாள். காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

“பண்ண மாட்டேன். இங்கிருந்து வந்திருக்கலாம். வேற எங்கிருந்தும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“வாயாலயே ஒத்துக்கிட்டா,” என்றான் பின்னாலிருந்த ஒருவன். “இவளுக்கு நாம போடுவோம்டா மார்க்கு.”

முதல் அடி கொழுந்தனுடையது. தடி அவள் இடது முழங்கைக்கு மேல் இறங்கியது; எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் வலக்கையால் மண்வெட்டியைச் சுழற்றினாள். அதன் கட்டை அவன் நெற்றியைக் கிழித்தது. அவன் முகமெல்லாம் இரத்தமாகப் பாத்திக்குள் மல்லாந்தான். மற்றவர்கள் அவளை வயிற்றிலும் முதுகிலும் உதைத்துச் சாய்த்துவிட்டு, வரிசை எண் எழுதிய குச்சிகளைப் பிடுங்கி எறிந்தபடி மேற்குக் கோடிக்குத் தீ வைக்கப் போனார்கள். காய்ந்த நோய்ப் பயிர் உடனே பிடித்துக்கொண்டது.

அவள் ஊர்ந்துகொண்டே கிழக்கு வாய்க்காலிலிருந்து வரிசைகளை எண்ணினாள். கடைசி வரிசை அறுபத்துநான்கு. அங்கிருந்து இருபத்துநான்காவதுதான் நாற்பத்தொன்று. அதன் மேல் கொழுந்தன் கிடந்தான்.

“கொஞ்சம் தள்ளிப் படு தம்பி. கீழ கதிர் இருக்கு.”

“மண்டைய உடைச்சிட்டுத் தள்ளிப் படுக்கச் சொல்றீங்களா?”

“புரளு. தீ வருது.”

அவன் புரண்டான். அவள் ஒற்றைக் கையால் கதிர்களை ஒடித்து மடியில் திணித்தாள். அவன் கைக்குக் கிடைத்த கதிரிலிருந்து ஒரு மணியைக் கடித்தான். அவன் வயலில் அந்தப் பருவம் கடித்ததெல்லாம் பதர். இது பல்லில் கெட்டியாக நொறுங்கியது. அவளையும் கதிரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு கைப்பிடி பிடுங்கிக்கொண்டான்.

“கீழ போடு. அதைச் சோதிச்சு முடிக்க இன்னும் மூணு வருஷ வேலை பாக்கியிருக்கு.”

“மூணு வருஷம் நாங்க மண்ணைத் திங்கிறதா? என் வயல்ல போட்டுக்கிறேன்.”

“மொத்தமே இவ்வளவுதான். உன் வயல்ல போய் அழிஞ்சா அப்புறம் யாருக்கும் கிடையாது.”

அவன் எழப் பார்த்தான். அவள் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, நெற்றிக் காயத்தில் கட்டைவிரலை வைத்து எலும்பு தட்டும்வரை அழுத்தினாள். அவன் அவளுடைய முறிந்த கையைப் பற்றி முறுக்கினான். அவள் விடவில்லை. “அண்ணி, அண்ணி” என்று அவன் அலற, விரல்கள் பிரிந்தன. பதினொரு கதிர் விழுந்தது. மடியில் இருந்ததோடு இருபத்தெட்டு.

அவனைக் காலரைப் பிடித்து வரப்புக்கு இழுத்துப் போட்டபோது தீ முப்பதாவது வரிசையைத் தாண்டியிருந்தது.

கை கோணலாகத்தான் கூடியது. கொழுந்தன் அதன்பின் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த பருவத்தில் அந்த விதையில் பாதியைப் பூட்டி வைத்துவிட்டு, மீதியை அதே பாத்தியில் போட்டார்கள். சுற்றிலும் மறுபடி நோய்ப் பயிரை நட்டவள் அவள்தான், வலக்கையால் மட்டும்.