ஓரம் வெட்டிய படம்

இதைக் கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் வந்து என் தங்கையின் இடது தோளைப் பார்க்கலாம். நடந்தது அவள் வீட்டில், பட்டப்பகலில்.

அவள் புருஷன், அதாவது என் மச்சான், செத்துப்போன ரேடியோக்களுக்கு உயிர் கொடுக்கிறவர். அந்தப் பெருமையை ஊருக்குச் சொல்ல ஒரு வெப்சைட் வைத்திருந்தார். யாரோ விட்டுப்போன முகவரி, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப்போட்டது. அதைப் பார்க்கிறவர்கள் அவரும் நானும்தான். ஆனாலும் தினம் ஒருமுறை அதைத் துடைத்து மெழுகாவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. நகல் எடுத்து வைக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. ஓடுகிற தளத்திலேயே நேராகக் கை வைப்பார்.

முகப்பில் அவரும் தங்கையும் நிற்கிற படம். அன்று மதியம் பார்த்தால், தங்கையின் இடது தோளில் ஒரு கை இருந்தது.

மச்சானின் இரண்டு கைகளும் படத்தில் ரேடியோவைப் பிடித்திருந்தன.

"எவனோ உள்ள புகுந்து விளையாடுறான்" என்று பல்லைக் கடித்தார். கை தெரியாதபடி படத்தின் ஓரத்தை வெட்டினார். தோளும் கொஞ்சம் போயிற்று. போனால் போகட்டும் என்று பழைய படத்தின் மேலேயே சேமித்தார்.

சமையலறையில் 'சடக்'.

பிறகு அலறல்.

ஓடினார். தங்கை தரையில் கிடந்தாள். கோடு போட்டு வெட்டியது போல் தோள் பிளந்து எலும்பு தெரிந்தது. சுவரெல்லாம் ரத்தம். கத்தி அலமாரியில் காய்ந்து கிடந்தது. வேறு யாரும் இல்லை.

"ஏங்க... யாரோ பிடிச்சு இழுக்குறாங்க..."

துண்டை இறுக்கிக் கட்டினார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கூடத்தில் கம்ப்யூட்டர் கண்ணுக்கெதிரே இருந்தது. படத்தில் அந்தக் கை மறுபடியும் வந்திருந்தது. இப்போது கழுத்தில்.

படத்தின் ஓரம் தானாக நகர்ந்தது...

சர்ர்... சர்ர்...

தங்கையின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

வயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன? தளம் இருப்பது எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரில். போனில் திறந்து பார்த்தால், படம் வெட்டுப்பட்டுக்கொண்டேதான் இருந்தது.

பாஸ்வேர்டு போட்டார். ஏற்கவில்லை.

கோடு ஆழமானது.

கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"அழிச்சிடுங்க! முழுசா அழிச்சிடுங்க!"

"உடனே அழிக்க முடியாது சார். நிறுத்தித்தான் வைக்க முடியும்."

"ஏதாவது பண்ணும்மா!"

நிறுத்தினாள்.

கோடு நின்றது.

தங்கை பிழைத்துக்கொண்டாள். இடது கையைத்தான் இனி தூக்க முடியாது.

மச்சானுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த முகவரியை முன்பு வைத்திருந்த ஆளைத் தேடிப் பிடித்தார். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேசினார்.

"என்னய்யா வச்சிருந்த உன் சைட்ல?"

எதிர்முனையில் ஒரு வயசான குரல். "அழிச்சிட்டீங்களா?"

"இல்ல. நிறுத்தி வச்சிருக்காங்க. சந்தா கட்டலன்னா அடுத்த மாசம் தானா அழிஞ்சிடும்."

"கட்டிடுங்க தம்பி. வருஷா வருஷம் கட்டிடுங்க..." மூச்சு இரைத்தது. "என் பொண்டாட்டி படத்துல கை வந்தப்போ நான் முழுசா அழிச்சிட்டேன். புதைக்க ஒரு விரல்கூடக் கிடைக்கல."